அழுத்திய எண் எங்கே தொலைந்தது? இணையத் தொலைபேசியில் டோன் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. விலைக்கு 1, வண்டி விவரத்துக்கு 2, கணக்கரிடம் பேச 3 என்று பதிவுக் குரலில் கேட்டு எண்ணை வாங்கும் ஐ.வி.ஆர். அமைத்துக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உரிமையாளரே கூப்பிட்டார். "ஐந்து தடவை அழுத்திவிட்டேனுங்க தம்பி. அந்தம்மா கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்குதுங்க."

திருப்பூரில் என் மேசையிலிருந்து அதே எண்ணுக்குப் போட்டு 1 அழுத்தினேன். விலை சொன்னது. கைப்பேசியிலிருந்து அழுத்தினேன். அப்போதும் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. அழைப்பை எடுக்கும் பெட்டியும் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அவர் விரலுக்கும் பெட்டிக்கும் நடுவில் எங்கோ அந்த 1 தொலைகிறது. எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நானும் அதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்த தவறு, அமைப்புப் பக்கத்தைத் திறந்தவுடன் ஒவ்வொரு கட்டமாக டிக் செய்து பார்ப்பது. நான்கு இடத்தில் மாற்றிய பிறகு சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் முன்பு எப்படி இருந்தது என்றும் தெரியாது. ஓர் எண்ணை அழுத்தி, அது எதுவரை உயிரோடு போனது என்று பின்தொடருங்கள். அதற்கு அந்த எண் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எண் போகும் மூன்று வழிகள்

விசையை அழுத்தினால் காதில் விழும் டோன் ஓர் ஒலி போலத் தோன்றும். உண்மையில் இரண்டு. கிடைவரிசைக்கு ஒன்று: 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுவரிசைக்கு ஒன்று: 1209, 1336, 1477. நான்காவது நெடுவரிசையாக 1633-உம் உண்டு. நம் வீட்டு ஃபோனில் அதற்குப் பொத்தான் கிடையாது. 5 என்பது 770-உம் 1336-உம் சேர்ந்து ஒலிப்பது. 1963 நவம்பரில் அமெரிக்காவின் பெல் நிறுவனம் இதைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது; * மற்றும் # பொத்தான்கள் 1968இல்தான் சேர்ந்தன. ஒன்றின் மடங்காக இன்னொன்று வராதபடி பார்த்துப் பொறுக்கிய அலைவரிசைகள் இவை. பேசும் குரல் தற்செயலாக ஒரு விசை போல ஒலித்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

செம்புக் கம்பியில் இந்த ஒலி அப்படியே ஓடியது. இணையத்தில் மூன்று விதமாகப் போகலாம். திருப்பூர்க்காரர்களுக்குப் பனியன் மூட்டையை வைத்தே சொல்லிவிடலாம். சரக்கு விவரச் சீட்டை மூட்டைக்குள் போட்டுத் தைத்து அனுப்பலாம். லாரி டிரைவர் கையில் தனியாகக் கொடுத்து அனுப்பலாம். லாரி போய்க்கொண்டிருக்கும்போதே வாங்குபவருக்கு ஃபோனில் சொல்லிவிடலாம்.

மூட்டைக்குள் சீட்டு என்பது இன்பேண்ட். டோன் குரலோடு குரலாகவே போகும். டிரைவர் கையில் சீட்டு என்பது ஆர்.எஃப்.சி. 4733 என்ற இணைய விதிமுறை: குரல் போகும் அதே ஆர்.டி.பி. ஓட்டத்தில், "இப்போது 5 அழுத்தப்பட்டது" என்று எழுதிய தனி பாக்கெட். 2000இல் வந்த ஆர்.எஃப்.சி. 2833-க்குப் பதிலாக 2006இல் வந்தது 4733. சாதாரண ஃபோனை இணையத்தில் இணைக்கும் பல அடாப்டர்களின் அமைப்புப் பக்கத்தில் இன்றும் பழைய எண்ணே இருக்கும், சிலவற்றில் ஏ.வி.டி. என்றிருக்கும். எல்லாம் ஒன்றுதான். ஃபோனில் சொல்வது எஸ்.ஐ.பி. இன்ஃபோ: அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் சைகை வழியில் எண்ணை அனுப்புவது.

அனுப்புபவர் டிரைவரிடம் சீட்டைக் கொடுத்திருக்க, வாங்குபவர் மூட்டையைப் பிரித்துத் தேடினால் என்ன ஆகும்? நான் பார்த்த டோன் புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

முதலில் ஒரு சோதனை எண்

எந்தப் புகாருக்குப் போனாலும் நான் முதலில் செய்வது, அழுத்திய எண்களைத் திருப்பிச் சொல்லும் ஓர் எக்ஸ்டென்ஷனை (உள் எண்ணை) உருவாக்குவது. ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் ரீட் என்ற கட்டளையால் எண்களை வாங்கி, சே டிஜிட்ஸ் என்ற கட்டளையால் வாசிக்க விட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. புகார் சொன்னவர் எந்த ஃபோனிலிருந்து அழைத்தாரோ அதே ஃபோனிலிருந்து இதற்கு அழைத்து, 1 முதல் 9 வரையும் பிறகு *, 0-வையும் நிதானமாக அழுத்தச் சொல்லுங்கள். ரீட் கட்டளைக்கு # என்றால் 'முடிந்தது' என்று பொருள். எனவே # கடைசியில் வரட்டும். திரும்பி வருவதை அப்படியே தாளில் எழுதுங்கள். "சரியாக வரவில்லை" என்பதைவிட "1, 2, 4, 5, 7, 8 வந்தது" என்பது நூறு மடங்கு பயனுள்ள தகவல்.

எதை அழுத்தினாலும் அசைவே இல்லை

எல்லா இடத்திலிருந்து வரும் அழைப்புகளிலும் இப்படியென்றால், இரு முனைகளும் வேறு வேறு வழிக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன. அழைப்பு தொடங்கும்போது இரண்டு பெட்டிகளும் தங்களுக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியல் பரிமாறிக்கொள்கின்றன. அந்தப் பட்டியலில் 'டெலிஃபோன்-ஈவென்ட்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பெரும்பாலும் 101 என்ற எண் இருக்கும். இரு பக்கமும் அந்த வரி இருந்தால் 4733 நடக்க வேண்டும். ஒரு பக்கம் இல்லை என்றால் அந்தப் பக்கத்துக்குச் சீட்டு வாங்கத் தெரியாது. இன்பேண்டோ இன்ஃபோவோதான் வழி.

அடுத்து கோடெக், அதாவது குரலைத் தரவாக மாற்றும் முறை. ஜி.711 குரலை நொடிக்கு 64 கிலோபிட்டில் அலை வடிவம் கெடாமல் கொண்டுபோகிறது. நம் நாட்டு இணைப்புகளில் அதன் ஏ-லா வகைதான் வழக்கம். இதில் இன்பேண்ட் வேலை செய்யும். ஜி.729 அதை 8 கிலோபிட்டுக்கு அமுக்குகிறது. அது மனிதத் தொண்டையை மாதிரியாக வைத்துச் செய்த கோடெக். தொண்டையால் எழுப்ப முடியாத இரட்டைத் தொனி அதன் வழியாகப் போனால் நசுங்கித்தான் வெளிவரும். மூட்டையை இறுக்கி அமுக்கினால் உள்ளே இருக்கும் சீட்டு கசங்கத்தானே செய்யும்? எனவே ஜி.729-உம் இன்பேண்டும் ஒரே அழைப்பில் இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம். ஒன்றை மாற்றுங்கள். என் கை போவது 4733 பக்கம்.

பட்டியல் பேச்சுவார்த்தை சரியாக இருந்தும் எண் வரவில்லை என்றால், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அழைப்பைப் பிடித்துப் பாருங்கள். நல்ல அழைப்பில் 5 அழுத்தியது எப்படித் தெரியும் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் கெட்டது தானாகக் கண்ணில் படும். வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட். ஒவ்வொன்றிலும் நிகழ்வு எண் 5. காலஅளவு 160, 320, 480 என்று ஏறிக்கொண்டே போகும்; நொடிக்கு 8000 என்ற கடிகாரத்தில் 160 என்பது 20 மில்லிநொடி. நேரமுத்திரை மட்டும் மாறவே மாறாது. 5 தொடங்கிய நேரத்திலேயே நிற்கும். விரலை எடுத்ததும் 'முடிந்தது' என்ற கொடியோடு கடைசி பாக்கெட் மூன்று முறை வரும். வழியில் ஒன்று இரண்டு தொலைந்தாலும் ஒன்றாவது போய்ச் சேரட்டும் என்பதற்காக அந்த மூன்று. * என்றால் நிகழ்வு 10, # என்றால் 11.

இந்தப் பாக்கெட்டுகள் உங்கள் பெட்டிவரை வந்தும் எண் பதிவாகவில்லை என்றால் கோளாறு உங்களிடம். வரவே இல்லை என்றால் அனுப்புபவரிடம் அல்லது நடுவில் இருக்கும் டிரங்க் (வெளி அழைப்பு இணைப்பு) நிறுவனத்திடம். இந்தப் பாக்கெட் படம் கையில் இருந்தால் அவர்களுடைய உதவி மையத்தில் பேச்சு சுருக்கமாக முடியும். இல்லாவிட்டால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிறது என்றால் அந்த 101-ஐப் பாருங்கள். ஒரு பக்கம் 101, மறுபக்கம் 96 என்று அறிவிப்பதில் தவறில்லை. எதிராளி கேட்ட எண்ணில் அனுப்ப வேண்டும் என்பதே விதி. சில மலிவான பெட்டிகள் தம்முடைய எண்ணிலேயே அனுப்பும், எதிராளி குப்பையில் போடும். இரு பக்கமும் 101 என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. அதேபோல ஓபஸ் கோடெக் இருக்கும் அழைப்பில் கடிகாரம் 48000. 100 மில்லிநொடி டோனை 8000 கணக்கில் 800 என்று ஒரு பக்கம் எழுத, மறுபக்கம் 48000 கணக்கில் அதை 17 மில்லிநொடிக்கும் குறைவாகப் படித்து, ஏதோ சத்தம் என்று தள்ளிவிடும்.

இன்ஃபோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்துக்குள் நன்றாக ஓடும். வெளி டிரங்க்கில் 415 என்ற மறுப்பு திரும்பி வந்தால் அந்த நிறுவனம் அதை ஏற்பதில்லை என்று பொருள்.

1 அழுத்தினால் 11 என்கிறது

திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகம். உள்ளே 23-ஆம் எக்ஸ்டென்ஷனைக் கேட்டால் 22 எடுப்பார். 45 கேட்டால் 44 எடுப்பார். வரவேற்பில் இருந்த பெண் சலித்துப்போய், "ஏனுங்கண்ணா, எல்லா அழைப்பும் பேக்கிங் பிரிவுக்கே போகுதுங்க" என்றார். பேக்கிங் பிரிவு 11. வெளியிலிருந்து யார் 1-இல் தொடங்கும் எதை அழுத்தினாலும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது.

இது எண் இரண்டு வழியிலும் வந்து சேர்வதன் அடையாளம். டிரைவரும் சீட்டைக் கொடுத்தார், மூட்டைக்குள்ளும் ஒன்று இருந்தது. அடாப்டர் ஒரு டோனைக் கேட்டு 'இது விசைதான்' என்று முடிவுசெய்து, அதைக் குரலிலிருந்து வெட்டி எடுத்து, நிகழ்வுப் பாக்கெட்டாக அனுப்ப வேண்டும். முடிவுசெய்ய அதற்குச் சில பத்து மில்லிநொடி வேண்டும். அதற்குள் டோனின் தலைப்பகுதி குரலோடு கசிந்து போய்விடும். மறுமுனையில் டோனையும் கேட்கும் பெட்டி இருந்தால் இரண்டாக எண்ணும்.

அடாப்டரில் முன்னுரிமை வரிசை என்று மூன்று கட்டங்கள் இருந்தால் மூன்றிலும் 4733-ஐயே தேர்ந்தெடுங்கள். அலுவலகத் தொலைபேசிப் பெட்டியான பி.பி.எக்ஸ். பக்கம் 'ஆட்டோ' என்பதை எடுத்துவிட்டு வழியைப் பெயர் சொல்லி வையுங்கள். ஆட்டோ என்பது தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி என்று நம்பி விடப்பட்ட இடங்களில்தான் எனக்கு அதிக வேலை கிடைத்திருக்கிறது.

இரட்டிப்பு எப்போதாவது மட்டும் வந்தால் பாக்கெட் படத்தில் நேரமுத்திரையைப் பாருங்கள். ஒரே அழுத்தத்தின் நடுவில் அது மாறினால் எதிராளி அதைப் புது அழுத்தமாக எண்ணுவார். அனுப்பும் கருவியின் மென்பொருள் பிழை அது. புதிய பதிப்பு போடுவதைத் தவிர நம் கையில் ஒன்றுமில்லை. இன்பேண்ட் அழைப்பில் நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்து டோன் இரண்டு துண்டானாலும் இதே விளைவுதான்.

சில எண்களை மட்டும் விழுங்குகிறது

இங்கேதான் அந்தத் தாள் உதவும். எப்போதும் ஒரே எண்கள்தான் தொலைகின்றனவா, அல்லது எது வேண்டுமானாலும் தொலைகிறதா?

ஒரே எண்கள் என்றால் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 3, 6, 9, # ஒரே நெடுவரிசை. நான்குக்கும் பொது 1477 ஹெர்ட்ஸ். நீண்ட செம்புக் கம்பி உயர்ந்த அலைவரிசையை அதிகம் தின்னும். எக்ஸ்சேஞ்சிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்து வீட்டில் இருக்கும் தரைவழி ஃபோனிலிருந்து வரும் அழைப்பில் முதலில் தடுமாறுவது இந்த நெடுவரிசைதான். கண்டறியும் கருவி இரண்டு ஒலிகளும் ஏறத்தாழ ஒரே உரப்பில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. உயர் ஒலி 8 டெசிபெல்வரை தாழ்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும், தாழ் ஒலி 4 டெசிபெல்வரை தாழ்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும் என்பது பழைய தொலைபேசி அளவுகோல். அதற்கு மேல் சாய்ந்தால் டோன் அல்ல என்று விட்டுவிடும். அழைப்பைப் பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவரிசைப் படம் போட்டால் இரண்டு கூம்புகளின் உயர வித்தியாசம் நேராகவே தெரியும்.

கைப்பேசிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை வராது. கைப்பேசியில் விசையை அழுத்தும்போது டோன் காற்றில் போவதில்லை. '5 அழுத்தினார்' என்ற செய்திதான் போகிறது, டோனை எழுப்புவது வலையமைப்பின் இயந்திரம். எனவே "செல்லில் இருந்து வேலை செய்கிறது, வீட்டு ஃபோனில் இருந்து இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது குழப்பமான புகார் அல்ல. கம்பியையும் கருவியையும் பார் என்று விரல் நீட்டுகிறார்.

அனலாக் இணைப்பை வாங்கும் கேட்வேயில் உள்வரும் உரப்பைச் சிறிது ஏற்றிப் பாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் அலை முனை வெட்டுப்பட்டு இன்னும் கெடும். இரண்டு இரண்டு டெசிபெல்லாக ஏற்றிச் சோதனை எண்ணில் கேட்பதே முறை. ஆஸ்டெரிஸ்க்கின் அனலாக் பகுதியில் 'ரிலாக்ஸ் டி.டி.எம்.எஃப்.' என்று ஒன்று உண்டு. கண்டறியும் கருவியின் கண்டிப்பைத் தளர்த்தும். வேறு வழியில்லாதபோது மட்டும் தொடுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே வரும்.

எது வேண்டுமானாலும் தொலைகிறது என்றால் வேகம் அல்லது பாக்கெட் இழப்பு. ஒரு டோன் குறைந்தது 40 மில்லிநொடி ஒலித்து, 40 மில்லிநொடி இடைவெளி விட வேண்டும் என்பது பொதுவான அளவு. விரலால் அழுத்துபவர் இதற்குக் கீழே போவது கடினம். நினைவகத்திலிருந்து தானாக அனுப்பும் கருவிகள் போகும். டோன் நீளம், இடைவெளி இரண்டையும் 100 மில்லிநொடி என்று வையுங்கள்.

அறிவிப்பு ஓடும்போது அழுத்தினால் கேட்பதில்லை

அறிவிப்பு முடிந்த பிறகு அழுத்தினால் வேலை செய்கிறதா? செய்தால் இரண்டு காரணம். ஒன்று, அமைத்தவரின் தவறு: ஆஸ்டெரிஸ்க்கில் பிளேபேக் என்ற கட்டளை அறிவிப்பை ஓட்டும், எண்ணைக் கவனிக்காது, பேக்கிரவுண்ட் என்பதே ஓட்டிக்கொண்டே கவனிக்கும். முதல் வருடம் நானே இதில் ஒரு நாள் முழுக்க வீணடித்திருக்கிறேன். இரண்டு, எதிரொலி: அனலாக் இணைப்பில் நம் அறிவிப்பே திரும்பி வந்து டோன் மேல் படிகிறது. எதிரொலி நீக்கியை இயக்கி, அறிவிப்புப் பதிவின் உரப்பை 6 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். விளம்பரம் போல முழங்கப் பதிவுசெய்து கொடுப்பவர்களுக்கு இது பிடிக்காது.

யாரும் அழுத்தவில்லை, எண் மட்டும் பதிவாகிறது

பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு 'பீப்', அல்லது அழைப்பு தானாக வேறு எங்கோ மாறுகிறது. குரலையே விசை என்று கருவி தவறாகக் கேட்கிறது. பெண் குரல்களில் இது கூடுதலாக நடப்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். காத்திருப்பு இசையும் செய்யும். தளர்த்தி வைத்த 'ரிலாக்ஸ்' இருந்தால் அணையுங்கள். மேலே எச்சரித்தது இதற்குத்தான். டிரங்க் 4733-இல் ஓடுகிறது என்று உறுதியானால் குரலில் டோன் தேடும் வேலையையே அந்த டிரங்க்குக்கு நிறுத்திவிடலாம்.

# அழுத்தினால் 'டிரான்ஸ்ஃபர்' என்கிறது

ஏற்றுமதி அலுவலகங்களுக்கே உரிய தலைவலி. இரவு எட்டரைக்கு வெளிநாட்டு வாங்குபவருடன் கூட்டு அழைப்பு. ரகசிய எண்ணைப் போட்டு # அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் அங்கே போகாமல், நம் பெட்டியே குறுக்கே வந்து 'டிரான்ஸ்ஃபர்' என்கிறது. டோன் கண்டறிதல் இங்கே மிகச் சரியாக வேலை செய்கிறது. தவறான காதில் விழுகிறது, அவ்வளவுதான். ஆஸ்டெரிஸ்க்கில் அழைப்பை மாற்றிவிடுவதற்கான இயல்பான குறி #. வெளி அழைப்புகளில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள், அல்லது குறியை ## என்று மாற்றுங்கள். ## வைத்தால் ஒற்றை # சிறிது தாமதித்துப் போய்ச் சேரும். இரண்டாவது வருகிறதா என்று பெட்டி காத்திருப்பதால்.

மண்டிக்காரரின் 1

மேலே சொன்ன அத்தனையையும் பார்த்தேன். கேட்வே உரப்பை ஏற்றினேன், இறக்கினேன். பாக்கெட் படம் எடுத்தேன். அவருடைய அழைப்பில் டோனே இல்லை. கசங்கிய டோன்கூட இல்லை. பதிவைக் காதில் போட்டுக் கேட்டபோது அவர் 1 அழுத்திய இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். 3 அழுத்தச் சொன்னேன். டக் டக் டக்.

மறுநாள் மொடக்குறிச்சிப் பக்கம் அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் பழைய பொத்தான் ஃபோன். எடுத்துத் திருப்பினால் அடியில் மஞ்சள் தூள் அப்பிய சின்னஞ்சிறு நகர்த்து சுவிட்ச். ஒரு பக்கம் 'பி', மறுபக்கம் 'டி'. 'பி'-யில் இருந்தது. பல்ஸ். பொத்தான் இருந்தாலும் உள்ளே பழைய சுழல் ஃபோன் போல இணைப்பை நொடிக்குப் பத்து முறை வெட்டி வெட்டி எண்ணை அனுப்புகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு அது புரியும்; அதனால்தான் அழைப்பு போகிறது. அதற்கப்பால் இருக்கும் ஐ.வி.ஆருக்கு அது வெறும் டக்.

குண்டூசி முனையால் தூளைக் கிளறி 'டி' பக்கம் தள்ளினேன். சுவிட்ச் கிடைக்காவிட்டால், இந்த ரகத்தில் பலவற்றில் அழைப்பு கிடைத்த பிறகு * ஒருமுறை அழுத்தினால் அந்த அழைப்பு முடியும்வரை டோனுக்கு மாறிக்கொள்ளும். அவர் எண்ணைப் போட்டு 1 அழுத்தினார், விரலி மஞ்சள் விலையைக் கேட்டார், ஃபோனை வைத்தார்.

"இதுக்கா தம்பி, திருப்பூரிலிருந்து வந்தீங்க?"